நடு வரிசையில் நாலு முட்டு

கமலாம்பாள் காலனிக்குள் நடந்து வந்தாள், மீனம்பாள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள், சொம்பை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்தே தண்ணீர் குடித்தாள் என்று சொன்னால் சிங்கவரம் பக்கத்தில் இன்றைக்கும் நாலு பேர் நம்பமாட்டார்கள். மீனம்பாளுக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த அம்மாள் வீட்டுக் கொல்லையில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கியே மீனம்பாளின் அம்மாவுக்கு இடுப்பு போனது. பின்பக்க மாட்டுக் கொட்டகைதான் இவர்களுக்கு எல்லை. அந்த வீட்டுக்காரி இன்றைக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்!

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜகிரி மலையின் தலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. மீனம்பாள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவள், துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாடி மீனம்பா, வாசல்லயே நிக்கவெச்சி பேசுவியா?"

"ஐயோ, வாங்கம்மா. வூடு அலங்கோலமா இருக்குது."

"இருக்கட்டும்டி. எங்க வூட்ல மட்டும் இன்னா வாழுது."

கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, ரெண்டு பூவன்பழம், அதன்மேல் மஞ்சள் துணியில் கட்டிய சின்ன முடிச்சு. அதைப் பார்த்ததும் மீனம்பாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் புருஷன் இளையபெருமாள் சென்ட்ரிங் மேஸ்திரி. காங்கிரீட் தளம் போடுவதற்கு முன்னால் கீழே முட்டுக் கம்பு நிறுத்தி, தகடு பரப்பி, கம்பி கட்டித் தருகிற கான்ட்ராக்ட்டு. செஞ்சி வட்டாரத்து சென்ட்ரிங்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வேலை கொடுக்கிறவர்கள் ஒரு துண்டு மஞ்சளையும் ஒரு ரூபாய்க் காசையும் துணியில் முடிந்து கொடுப்பார்கள். வாங்கிவிட்டால் வேலை அவனுடையது. அதை முதல் முட்டில் கட்டுவான். முடிச்சு தொங்குகிற முட்டில், கட்டினவன் சொல்லாமல் வேறு எவனும் சுத்தியல் வைக்கமாட்டான். வேலை வேண்டாம் என்றால் முடிச்சைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காத வரைக்கும் இன்னொரு மேஸ்திரி அந்த இடத்தில் ஒரு கம்புகூட ஊன்றமாட்டான். பத்திரமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஆனாலும் மீறினவன் பேர் இதுவரை யாருக்கும் தெரியாது.

"ஒம் புருசன் கைலதான் குடுக்கணும்னு வந்தன். ஆளக் காணமே."

"சீயமங்கலத்துல ஒரு வேல. பொழுது சாய வந்துடுவாரும்மா."

"அப்ப நீ வாங்கிக்க. நீ வேற அவன் வேறயா? ரோட்டு மேல எங்க மல்லாட்டைக் குடோன் இருக்குது பாரு, அதும் ஓட்டப் பிரிச்சிட்டு தளம் போடப் போறோம். தையல் கம்பெனிக்காரன் வரான். அறுபது மிஷினு, அறுபது பொம்பளைங்களுக்கு வேல. ஒந்தங்கச்சி மஞ்சு பேரதான் மொதல்ல எழுதச் சொன்னன்."

மஞ்சு அடுத்த வீட்டில் இருக்கிறாள். புருஷன் செத்து மூன்று வருஷம், ரெண்டு பிள்ளைகள், ஒரு பழைய கால் மிஷின். ஜாக்கெட் தைத்து எத்தனை வயிறு கழுவ முடியும்? அக்காக்காரி யோசிக்கவே இல்லை. புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு ரெண்டு கையாலும் தட்டை வாங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பாவி மகளுக்கு. கமலாம்பாள் போன பிறகு அந்தச் சொம்பை எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு வைத்தாள். அதற்குள் களி அடிப்பிடித்துப் போயிருந்தது.

இளையபெருமாள் பேச்சிலும் டேப் வைத்து அளக்கிற ஆள். இருபத்திரெண்டு வருஷமாக அவர் அடித்த சென்ட்ரிங்கில் ஒரு தளம் அரை அங்குலம் தொங்கினது கிடையாது. இரவு சாப்பிடும்போது சாமி படத்துக்குக் கீழே முடிச்சைப் பார்த்தார். மீனம்பாள் ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். தண்ணீர் குடித்ததை ரெண்டு தரம் சொன்னாள்.

"எடத்த பாக்காம வாங்கிட்டியே" என்றார். அவ்வளவுதான்.

"வூடு தேடி வந்தவங்கள எப்பிடியா வேணாங்கறது?"

"நாளைக்கு காலைல நீயும் வா. வந்து பாரு."

கோட்டை மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்தக் குடோன். நீளம் அறுபது அடி, அகலம் இருபத்திரெண்டு. உள்ளே பழைய சாக்கு வாசனை. மேலே ஓடு ஒழுகி, சுவர் முழுக்க ஈரம் பாய்ந்து பாய்ந்து படம் போட்டிருந்தது. கமலாம்பாள் மகன் நெடுமாறன் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசுவான். ஆனால் மற்றவர்கள் பேசுவது அவன் காதுக்குள் இறங்குவதில்லை.

"மேஸ்திரி, பில்லர் கில்லர் எதுவும் வேணாம். செவுத்து மேலயே ஒக்கார வெச்சிடுங்க. அந்தக் காலத்து செவுரு, யானை முட்டினாலும் அசையாது."

"நடுவுல தாங்க ஒண்ணுமில்லியே தம்பி. இருபத்திரெண்டு அடி இருக்குது."

"பில்லருக்கு பள்ளம் நோண்டினா கோட்டைக்காரங்க வந்து நிப்பாங்க. மதிலுக்கு இவ்ளோ கிட்ட ஒரு செங்கல்ல மாத்தணும்னாலும் பர்மிசன் கேக்கணும். கேட்டா குடுக்கமாட்டாங்க. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியக்கூடாது. பச்சத் துணி கட்டிக்கலாம். ஒரு ஞாயித்துக்கெழம கலவை மிஷின உட்டு போட்டுட்டா முடிஞ்சிது."

"எஞ்சினியரு இன்னா சொன்னாரு?"

"அவுரு ஒரு பயந்தாங்கொள்ளி. கையெழுத்து போடமாட்டன்னுட்டு போய்ட்டாரு."

இளையபெருமாள் சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஆணி ஒன்றை எடுத்தார். சுவரில் பூச்சு விண்டிருந்த இடமாகப் பார்த்து, ரெண்டு செங்கல்லுக்கு நடுவில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். சுத்தியே தேவைப்படவில்லை. ஆணி தலைவரைக்கும் உள்ளே போய்விட்டது. திருப்பி இழுத்தபோது அதோடு சிவப்புச் சேறு வந்தது. அதை மீனம்பாள் கையில் வைத்தார். சில்லென்றிருந்தது. ஏரியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி அத்தனை ஈரம்.

"சேத்துக் கட்டு தம்பி. மேலதான் சிமெண்டு பூசியிருக்காங்க. ஓட்டுக்குன்னு கட்டுன செவுரு இது. நீங்க இதும்மேல நாலு லாரி ஜல்லிய ஏத்தச் சொல்றீங்க. ஏறாது."

"முட்டு குடுத்துதான அடிக்கப் போறீங்க?"

"முட்டு இருக்கற வரைக்கும் நிக்கும். பிரிச்சதுக்கு அப்பறம்?"

நெடுமாறன் சிரித்தான். "இத்தப் போயி பெருசு பண்றீங்களே."

"பர்மிசன் வாங்குங்க, பில்லர் போடுங்க, மொத ஆளா வந்து நிக்கறன். இப்பிடி போட்றதுன்னா என்னால முடியாதுங்க தம்பி."

"முடிச்சு வாங்கியாச்சே மேஸ்திரி."

"நான் வாங்கல."

"ஒங்க வூட்டம்மா வாங்கினாங்க. எங்கம்மா ஒங்க வூட்டு வாசப்படி ஏறி வந்து குடுத்தாங்க. அத்த மறந்துட்டு பேசாதீங்க."

இதைச் சொல்லும்போது அவன் மீனம்பாளைத்தான் பார்த்தான். அவள் கையிலிருந்த சேற்றை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. இளையபெருமாளுக்கு உயிர். ஆனாலும் ரெண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

"குடுத்துட்டு வந்துடலாம்யா" என்றாள் மீனம்பாள். "நாந்தான புத்திகெட்டு வாங்கினன், நானே போயி குடுத்துடறன். நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

"குடுக்கறதா? குடுத்துட்டா?"

"குடுத்துட்டா வேல நம்மளது இல்ல. பழி பாவம் நமக்கு வராது."

"அடி இவளே. இந்த முடிச்சு நம்ம வூட்ல இருக்கற வரைக்கும் செஞ்சில ஒருத்தன் அங்க முட்டு அடிக்கமாட்டான். குடுத்த மறுநாளு எவனாச்சும் அடிச்சிடுவான். அறுபது பொம்பளைங்க அதுக்குக் கீழ ஒக்காந்து தைப்பாளுங்க. மொத மிஷின்ல ஒந்தங்கச்சி. பழி வராதாம்! மஞ்சள் துணிய குடுத்தா கை சுத்தமாயிடுமா?"

அவர் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி மீனம்பாள் கேட்டதில்லை. அவளுக்குப் பயமாகிவிட்டது. முடிச்சு சாமி படத்துக்குக் கீழேயே இருந்தது. திங்கட்கிழமை அவர் கோட்டையைப் பார்த்துக்கொள்கிற தொல்லியல் ஆபீசுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ரெண்டு பேர் வந்து பார்க்கவும் செய்தார்கள். பார்க்க என்ன இருக்கிறது? ஓடு ஓடாக இருந்தது, சுவர் சுவராக இருந்தது. நடக்காத வேலையை யார் நிறுத்த முடியும்? வேலை ஆரம்பித்தால் சொல்லுங்கள் என்று போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேலும் தப்பு சொல்ல முடியாது.

மூன்றாம் நாளே ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. இளையபெருமாள் முடிச்சை வாங்கி அமுக்கிக்கொண்டான், வேலையும் செய்யமாட்டேன் என்கிறான், திருப்பியும் தரமாட்டேன் என்கிறான். அவரிடம் சொல்லி வைத்திருந்த ரெண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். கூட வேலை செய்கிற எட்டுப் பேரும் தீபாவளிக்கு முன்னால் வேறு மேஸ்திரியிடம் போய்விட்டார்கள். போகும்போது சொல்லிக்கொண்டுதான் போனார்கள். தண்ணீர்க் குழாயடியில் மீனம்பாள் குடத்தை வைத்தால் பேச்சு நிற்கும். அறுபது பெயர் கொடுத்திருந்ததில் முப்பத்தைந்து பெயர் இந்தக் காலனியில்தான் இருந்தது.

மற்றவர்கள் ஜாடை பேசினதைத் தாங்கிக்கொண்டாள். மஞ்சு வந்து நேருக்கு நேராய்க் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏங்க்கா, நான் பொழைக்கறது மாமாவுக்கு புடிக்கலியா?"

"வாய கழுவுடி. ஒன்னைய நெனச்சிதான் அவுரு சோறு தண்ணி எறங்காம கெடக்கறாரு."

"எனக்காவவா? செவுரு வுழும்னு பயமா? எம் வூட்டு செவுரு இன்னாக்கா, கருங்கல்லா? போன பொயலுக்கு பாதி வுழுந்துபோயி, ரெண்டு புள்ளைங்களயும் தூக்கிக்கினு ஒங்க வூட்ல வந்து படுத்தனே, அப்ப எந்த ஆபீசுக்கு மனு குடுத்தாரு ஒங்க வூட்டுக்காரரு?"

"மஞ்சு..."

"நான் தெனம் சேத்துச் செவுத்துக்குக் கீழதான தூங்கறன். சம்பளம் வாங்கிக்கினு ஒக்காந்தா மட்டும் வுழுந்துடுமா? மாசம் பொறந்தா ஒம்பதாயிரம்க்கா. பெரியவன இங்கிலீசு ஸ்கூல்ல போட்டுருவன். நான் கேக்கறது அதிகமா, சொல்லு."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. மஞ்சு மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க அடுத்த வீட்டில் கால் மிஷின் ஓடவே இல்லை.

மறுநாள் இளையபெருமாள் திண்டிவனத்துக்கு வேலை தேடிப் போயிருந்தார். அவர் பஸ் ஏறின பத்து நிமிஷத்தில் மீனம்பாள் முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டே போனாள். மனிதர் ரொம்பத்தான் பயப்படுகிறார், ஊரில் எத்தனையோ பழைய சுவரில் தளம் நிற்கிறது, விழுகிறதென்றால் இத்தனை வருஷத்தில் விழுந்திருக்காதா என்றெல்லாம். ஆணியோடு வந்த அந்தச் சில்லென்ற சேறு மட்டும் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

கமலாம்பாள் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கேட்டைத் திறக்கவில்லை.

"இன்னா, புத்தி வந்துச்சா ஒம் புருசனுக்கு?"

"அவுருக்குத் தெரியாதும்மா. இத்த வாங்கிக்குங்க. மஞ்சு பேர மட்டும் அடிச்சிடாதீங்க."

"அப்பிடி அந்தச் செவுத்து மேல வெச்சிட்டுப் போ" என்று மதிலைக் காட்டினாள் கமலாம்பாள். கையில் வாங்கவில்லை. அன்றைக்கு வாய் வைத்துத் தண்ணீர் குடித்தவள்தான் இவளும். மீனம்பாள் மதில் மேல் முடிச்சை வைத்துவிட்டுத் திரும்பினாள். காலனி வரும்வரைக்கும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

ராத்திரி வந்த இளையபெருமாள் சாமி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டுவார், கை ஓங்குவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உள்ள கூப்ட்டு வாங்கினாளா?"

"கேட்டுக்கு வெளியவே வெச்சிட்டு வந்தன்."

அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உள்ளூர் மேஸ்திரிகள் யாரும் அப்போதும் தொடவில்லை. இளையபெருமாள் வேண்டாம் என்ற வேலை என்றால் ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? செய்யாறிலிருந்து ஆதிமூலம் என்ற மேஸ்திரி பத்து ஆளோடு வந்து இறங்கினான். பச்சைத் துணிக்குப் பின்னால் முட்டு அடித்தார்கள், தகடு பரப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கலவை மிஷின் சத்தம் கிளம்பி மத்தியானம் மூன்று மணிக்குத்தான் ஓய்ந்தது. அந்தப் போன் நம்பருக்கு இளையபெருமாள் பதினோரு தரம் அடித்துப் பார்த்தார். லீவு நாளில் யார் எடுப்பார்கள்? திங்கட்கிழமை எடுத்தவர், எழுதி அனுப்பியிருக்கிறோம், நோட்டீஸ் வரும் என்றார். அதற்குள் தளம் இறுகிவிட்டது.

பிறகு பிடித்தது பாருங்கள் மழை. கார்த்திகை பிறந்தும் விடவில்லை. தளம் போட்டதிலிருந்து பதினெட்டு நாளும் ஒன்று தூறும், இல்லாவிட்டால் கொட்டும். காலனியில் துணி காயவில்லை, விறகு எரியவில்லை, பிள்ளைகளுக்கெல்லாம் இருமல். வெள்ளம் வடிந்த வயலில் நெற்பயிர் படுத்தது படுத்தபடி கிடந்தது. மீனம்பாளுக்கு ராத்திரி இடி இடித்தால் போதும், எழுந்து உட்கார்ந்துகொள்வாள். விடிந்ததும் ஏதாவது சாக்கு வைத்து ரோட்டுப் பக்கம் போய் அந்தக் குடோனைப் பார்த்துவிட்டு வருவாள். நின்றுகொண்டுதான் இருந்தது. வெளியே புதுசாய் நீலப் பெயிண்ட் வேறு அடித்துவிட்டார்கள்.

குழாயடியில் சிரிப்பு ஆரம்பித்தது. "இன்னா மீனம்பாக்கா, இன்னும் வுழலியா?" என்று ஒருத்தி கேட்டாள். மீனம்பாளும் சிரித்துவைத்தாள். விழவில்லையே என்று சந்தோஷம்தான். ஆனால் புருஷன் முகத்தைப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் நிற்காது. இளையபெருமாள் ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் முட்ட பிரிக்கல" என்பார். "பிரிக்கட்டும், பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் பூஜை என்று சொல்லிவிட்டார்கள். மிஷின் லாரியும் அன்றைக்கே வருகிறது. பெயர் கொடுத்த பெண்கள் எல்லோரும் காலையிலேயே வந்து கூட்டிப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும். மஞ்சு விடியலிலேயே தலைக்குக் குளித்து, இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு வந்து வாசலில் நின்றாள். ஒரு மாதமாகப் பேசாதவள், அன்றைக்கு "போயிட்டு வரன்க்கா" என்றாள். மீனம்பாளுக்கு அது போதுமாக இருந்தது. பூ கிள்ளிக் கொடுத்து அனுப்பினாள்.

பெண்கள் போய் அரைமணி நேரம் இருக்கும். தோளில் ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம்.

"மேஸ்திரி வூடு இதானுங்களா? நான் ஆதிமூலம். செய்யாறு."

இளையபெருமாள் எழுந்து வந்தார். அவன் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து நீட்டினான்.

"இத்த நீங்களே வெச்சிக்குங்கண்ணா. மொதல்ல ஒங்க வூட்லதான வாங்கினதாம். எனக்கு நேத்துதான் சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டன்."

"முட்ட பிரிச்சிட்டியா?"

"பிரிச்சிட்டன். எல்லாம் பிரிச்சிட்டன். நடு வரிசைல நாலு மட்டும்..." அவன் தோள் பையை இறக்கி வைத்தான். "ஆப்பு வரலண்ணா."

இளையபெருமாள் முகம் செத்துப் போயிற்று. மீனம்பாளுக்கும் இந்த வேலையோடு குடும்பம் நடத்தின பழக்கத்தில் அர்த்தம் தெரியும். முட்டுக்கு அடியில் இறுக்கி வைக்கிற மரத்துண்டுதான் ஆப்பு. தளம் தன் காலில் தானே நின்றால் ரெண்டு தட்டுத் தட்டினாலே ஆப்பு கழன்று ஓடும். வரவில்லை என்றால் தளம் நிற்கவில்லை. அந்தக் கம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"எத்தினி அடி அடிச்ச?"

"நாலு அடி. அஞ்சாவதுக்கு கம்பு மொனகிச்சிண்ணா. காதால கேட்டன். சுத்திய போட்டுட்டு வந்துட்டன். தம்பிகிட்ட சொன்னன், அத்த அப்பிடியே உட்டுடுங்க, பில்லர் வெச்சிக்குங்கன்னு. மிஷின் போட எடைஞ்சலா இருக்குது, நானே ஆள வெச்சி தட்டிக்கறன்னு சொல்லிட்டாரு."

"எப்ப?"

"இன்னிக்கி காலைல. பூஜைக்கு முன்னாடி."

மீனம்பாள் "ஐயோ மஞ்சு" என்றாள். அதற்குள் இளையபெருமாள் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டார். அவள் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள். முடிச்சு அவள் கையில் இருந்தது. ஆதிமூலத்திடமிருந்து எப்போது வாங்கினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

ரோடு முழுக்கத் தண்ணீர். மேகம் ராஜகிரியை மறைத்து, எதிரே இருக்கிற கிருஷ்ணகிரிக் குன்றையும் மறைத்து, மதில்வரைக்கும் இறங்கியிருந்தது. குடோனை நெருங்கும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். மீனம்பாள் வண்டி நிற்பதற்குள் குதித்தாள்.

உள்ளே புது வெள்ளையடித்த பளபளப்பு. முப்பது நாற்பது பெண்கள் சிரித்துக்கொண்டும் ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீர் இறைத்துக்கொண்டும் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாலு சவுக்குக் கம்பு. அதன் பக்கத்தில் நெடுமாறனும், அவன் பிடித்து வந்திருந்த உள்ளூர் சென்ட்ரிங் ஆட்கள் ரெண்டு பேரும். அடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மஞ்சு! வெளிய வாடி! எல்லாம் வெளிய வாங்கடி!"

அவள் போட்ட கூச்சலில் துடைப்பங்கள் நின்றன. மஞ்சுவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாக்கா, இங்கயும் வந்து மானத்த வாங்கற?"

"வாங்கறண்டி. ஒம் மானத்த நான் அப்பறமா குடுக்கறன். இப்ப வெளிய போ." கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஓங்கி ஒன்று முதுகில் வைத்தாள். சின்ன வயசில்கூடத் தங்கச்சியை அடித்தறியாதவள். அடிபட்ட மஞ்சு அக்காவின் கண்ணைப் பார்த்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு நடந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள்.

இளையபெருமாள் நெடுமாறன் கையிலிருந்த சுத்தியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, மேல பாருங்க" என்றார். மேலே, வெள்ளைப் பூச்சில், நடு வரிசைக்கு நேராக ஒரு கோடு சுவரிலிருந்து சுவர்வரை ஓடியிருந்தது. தலைமயிர் கனம்தான் இருக்கும்.

"பூச்சு காயும்போது வுடறதுதான் அது. வழிய உடுங்க மேஸ்திரி. லாரி வந்துட்டிருக்குது. டேய், நீங்க அடிங்கடா."

அந்த ரெண்டு பேரும் சுத்தியை எடுத்தார்கள். அப்போதுதான் மீனம்பாள் அந்தக் கம்புக்குப் போனாள். யோசித்துச் செய்தாளா என்று கேட்டால் இல்லை. மஞ்சள் துணியின் ரெண்டு முனையையும் பிரித்து, கம்பைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது கம்பு நடுங்கிற்று. மேலேயிருந்து கொஞ்சம் சிமெண்டுத் தூள் அவள் முழங்கையில் உதிர்ந்தது.

"நான் வாங்குன வெத்தலை" என்றாள். "நாங்க வேணான்ன வேலதான். இப்ப நாங்க எடுத்துக்கறோம். இந்த முட்டு எம் புருசன் முட்டு. அவுரு சொல்லாம எவனாச்சும் சுத்தி வெச்சிடுங்க, பாக்கலாம்."

அந்த ஆட்கள் முடிச்சைப் பார்த்தார்கள். ஒருத்தன் சுத்தியைத் தரையில் வைத்தான். மற்றவனும் வைத்தான். "கட்டின முட்டுல அடிக்கமாட்டோம் சார்" என்று நெடுமாறனிடம் சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

"கிறுக்குப் பசங்களா! போலீச கூப்புடறன்!" என்று கத்தினான் நெடுமாறன்.

"கூப்புடுங்க தம்பி" என்றார் இளையபெருமாள். "வந்தா வெளியவே நிக்கச் சொல்லுங்க." அவன் தோளில் கை வைத்து, பிள்ளையை நடத்துவது போல வாசல்வரைக்கும் நடத்திக்கொண்டு வந்துவிட்டார். மீனம்பாள்தான் கடைசியாக வெளியே வந்தாள்.

ரோட்டில் கமலாம்பாளின் கார் வந்து நின்றது. பட்டுப்புடவை, கையில் பூஜைத் தட்டு. பெண்கள் எல்லோரும் வெளியே நிற்பதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

"இன்னாடி இது, நல்ல நேரத்துல எல்லாம் தெருவுல நிக்கறீங்க?"

நெடுமாறன் அம்மாவிடம் போய் ஏதோ சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே மீனம்பாளைப் பார்த்தாள், நீலப் பெயிண்ட் அடித்த சுவரைப் பார்த்தாள். அப்போது மழை இறங்கியது. தூறல் இல்லை, சடசடவென்று பெரும் மழை. நிமிஷத்தில் தட்டிலிருந்த கற்பூரம் நனைந்து குங்குமம் கரைந்து ஓடிற்று. கார் டிரைவர் வண்டியைத் திருப்பப் போயிருந்தான்.

"நனையறீங்களேடி, உள்ள போங்க!" என்றாள் கமலாம்பாள்.

யாரும் அசையவில்லை. மஞ்சு அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஒரே நல்ல புடவை ஊறிப் பாரமாகி இழுத்தது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே மழை படாத தரையும், நாலு கம்பும், மஞ்சள் துணியும் தெரிந்தன.

கமலாம்பாள் வாசலை நோக்கி ரெண்டு அடி வைத்தாள். படியருகே போய் அண்ணாந்து, நடு வரிசைக்கு மேலே ஓடியிருந்த விரிசலைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, மீனம்பாள் பக்கத்தில் நின்று மழையில் நனைந்தாள்.